ஒலியை அளந்து பார்ப்போம்: போடி முற்றத்திலிருந்து போடிமெட்டு வரை

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பழகியவர்களுக்கு ஒலியும் ஒரு கருவிதான். காயும் காயைக் கிளறும்போது கலகலவென்று ஓசை எழுந்தால் பதம் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஈரம் மிச்சமிருக்கும் காய் அப்படி ஒலிக்காது. ஒரு கைப்பிடி பச்சைக் காயையும் ஒரு கைப்பிடி உலர்ந்த காயையும் எவர்சில்வர் தட்டில் தனித்தனியே உதிர்த்துக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் எது எது என்று சொல்லிவிடலாம். ஈரத்தைக் காது கண்டுபிடித்துவிட்டது.

இந்த அத்தியாயம் அதற்கு அடுத்த படியைக் கற்றுத்தருகிறது. காது சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தொட வேண்டும், கடைசியில் ஓர் எண்ணாக எழுதி வைக்க வேண்டும். சோதனையைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பது நல்லதுதான். ஆனால் வியப்போடு விட்டுவிட்டால் அது வேடிக்கையாக முடிந்துபோகும். அளக்கத் தொடங்கினால்தான் அறிவியல் தொடங்கும்.

இதற்குப் போடிநாயக்கனூரை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறு பஸ்ஸில் ஏறி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், 1,300 மீட்டருக்கும் மேலே போடிமெட்டில் இறங்கலாம். அங்கே காற்று குளிர்ச்சி, அழுத்தமும் குறைவு. காலையில் ஒரு காற்றில் செய்த சோதனையை மதியமே வேறொரு காற்றில் திரும்பச் செய்து பார்க்க முடியும்.

தேவையானவை

எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து: அகலமான பித்தளை அல்லது எவர்சில்வர் தாம்பாளம், காலிப் பால்பவுடர் டின், பலூன், ரப்பர் பேண்ட், ஒரு தேக்கரண்டி ரவை, சிறிது கோதுமை மாவு, இரண்டு காலித் தீப்பெட்டி, தையல் நூல், எவர்சில்வர் கரண்டி, ஒரே மாதிரியான நான்கு கண்ணாடி பாட்டில்கள், ஒன்றரை இன்ச் பிவிசி பைப் 1 மீட்டர், நீளமான குச்சி, பழைய ரப்பர் செருப்பு, அளவு நாடா, சாதாரணத் தெர்மாமீட்டர், ஒரு செல்போன், கோடு போட்ட நோட்டு.

சோதனை 1: அலை போகிறது, தண்ணீர் போவதில்லை

தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி அசையாமல் வையுங்கள். உலர்ந்த ஏலக்காய்த் தோல் ஒன்றை நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் மிதக்க விடுங்கள். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வட்ட அலைகள் விளிம்பை நோக்கி ஓடும். தோல் ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது.

விளிம்பில் மோதிய அலை திரும்பி நடுவுக்கு வருவதையும் கவனியுங்கள். மேலிருந்து டார்ச் அடித்தால் தாம்பாளத்தின் அடியில் அலையின் நிழல் நன்றாகத் தெரியும். அலை இப்படி மோதித் திரும்புவதுதான் எதிரொலிக்கும் அடிப்படை.

ஒலியும் அலைதான், ஆனால் காற்று மேலும் கீழும் ஆடுவதில்லை. முன்னும் பின்னும் ஆடுகிறது. ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளைத் தள்ளினால் அந்தத் தள்ளு முதல் ஆள் வரை போய்ச் சேரும். ஆட்கள் அவரவர் இடத்திலேயே நிற்பார்கள். காற்றில் ஒலி அப்படித்தான் நகர்கிறது.

சோதனை 2: ரவை ஆடும் டின்

பலூனின் கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை டின்னின் வாயில் இழுத்து மூடி ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். சுருக்கம் கூடாது. மேலே கொஞ்சம் ரவையைத் தூவுங்கள். ஒரு சாண் தள்ளித் தட்டைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டுங்கள். ரவை துள்ளும். தட்டு டின்னைத் தொடவே இல்லை. இடையில் இருந்த காற்றுதான் அசைவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்து, ரவையின் மேல் மூச்சுக் காற்று படாதபடி முகத்தைச் சற்றுத் தாழ்த்தி, "ஊ" என்று தாழ்ந்த சுருதியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். பல சுருதிகளுக்கு ரவை பேசாமல் கிடக்கும். ஏதோ ஒரு சுருதி வந்ததும் துள்ளிக் குதிக்கும். அந்தப் பலூன் தோலுக்கு உரிய இயல்பான அதிர்வு அது. வெளியிலிருந்து வரும் அதிர்வும் அதுவும் ஒன்றாகும்போது ஆட்டம் பெருகுகிறது. இதை ஒத்ததிர்வு என்கிறோம். ரவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துள்ளாது. சில கோடுகளில் போய் ஒதுங்கும். தோல் அசையாத இடங்கள் அவை. ஜெர்மானியரான கிளாட்னி 1787-இல் உலோகத் தகட்டில் மணலைத் தூவி இப்படிப்பட்ட கோலங்களை உலகத்துக்குக் காட்டினார்.

இனி டின்னை மத்தளமாக்குங்கள். தோலின் நடுவில் விரலால் தட்டி ஓசையைக் கேளுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து பட்டாணி அளவு நடுவில் ஒட்டி, மறுபடியும் தட்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். மாவைக் கூட்டினால் இன்னும் இறங்கும். மிருதங்க வித்வான்கள் கச்சேரிக்கு முன் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் ரவைப் பசையை அப்புவதற்குக் காரணம் இதுவே. வலப்பக்கமான வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கருவட்டம் இதைவிட நுட்பமான வேலை செய்கிறது. வெறும் தோலின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாதவை. கருவட்டத்தின் எடை அவற்றை 1, 2, 3 என்ற முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் விரிவாகவே வெளியிட்டார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பி எட்டிய விடையை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் அளந்து உறுதிசெய்தார்.

சோதனை 3: நூலில் ஓடும் பேச்சு

தீப்பெட்டி டெலிபோன் செய்யத் தெரியாத வீடு இருக்காது. இரண்டு பெட்டிகளின் அடியிலும் துளையிட்டு நூலைக் கோத்து, உள்ளே குச்சியில் முடிச்சுப் போட்டால் முடிந்தது. ஆனால் மூன்று முறைகளில் பேசிப் பாருங்கள்: நூல் விறைப்பாக இருக்கும்போது, தொய்ந்திருக்கும்போது, விறைப்பான நூலை நடுவில் ஒருவர் இரண்டு விரலால் பிடித்திருக்கும்போது. முதல் முறையில் மட்டும் பேச்சு தெளிவாகக் கேட்கும். மூன்றாவதில் நூலின் அதிர்வை விரல்கள் உறிஞ்சிவிடுகின்றன.

கரண்டியின் காம்பில் நூலின் நடுப்பகுதியைக் கட்டி, இரண்டு முனைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல்களில் சுற்றி, விரல்களைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் கரண்டியை மேசை விளிம்பில் இடிக்க விடுங்கள். 'டிங்' என்று கேட்டுப் பழகிய கரண்டி கோயில் மணியாக முழங்கும். காற்றில் பரவி வீணாகும் அதிர்வு நூல் வழியாக நேரே வந்துவிடுகிறது. திடப்பொருளில் ஒலி வேகமாகவும் ஓடும்: காற்றில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர், தண்ணீரில் சுமார் 1,500, எஃகில் 5,000-க்கும் மேல்.

சோதனை 4: பீப்பியும் பாட்டிலும்

பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. நசுக்கிய வாய் திறந்து மூடித் திறந்து மூடிக் காற்றைத் துண்டு துண்டாக உள்ளே விடுகிறது. நாகஸ்வரத்தின் சீவாளி செய்யும் வேலையும் இதுதான். குளிர்பானக் குழலின் ஒரு முனையைத் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி ஊதினாலும் ஒலிக்கும். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் சுருதி ஏறும். காற்றுத்தூண் குறுகக் குறுக அதிர்வு வேகமாகிறது.

இனி ஒரு புதிர். நான்கு பாட்டில்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றுங்கள். பென்சிலால் தட்டினால் தண்ணீர் அதிகமுள்ள பாட்டில் தாழ்ந்த சுருதி தரும். அதே பாட்டில்களின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் தண்ணீர் அதிகமுள்ள பாட்டில் உயர்ந்த சுருதி தரும். காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், "எது அதிர்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும். எடை கூடினால் அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது மேலே உள்ள காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைகிறது. பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்க்கும் ஜலதரங்கம் முதல் வகை. சீதா துரைசாமி (1926–2013) போன்ற கலைஞர்களின் ஜலதரங்கப் பதிவு கிடைத்தால், இந்தச் சோதனை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சோதனை 5: பைப்பில் ஒலியின் வேகம்

இந்த அத்தியாயத்தின் முக்கியமான சோதனை இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

கருவி: ரப்பர் செருப்பிலிருந்து பைப்பின் உள்ளளவுக்கு இரண்டு வட்டங்கள் வெட்டி ஒன்றாக ஒட்டுங்கள். பைப்பை விட ஒரு சாண் நீளமான நேரான குச்சியின் முனையில் அதை ஆணியடித்துப் பொருத்துங்கள். பைப்புக்குள் சற்று இறுக்கமாக, ஆனால் சிக்காமல் நகர வேண்டும். பைப்பை மேசையில் படுக்க வையுங்கள். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் திறந்த வாய்.

ஒலி: செல்போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை நிறுவி 500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் இந்த வசதி உண்டு. போனின் ஒலிபெருக்கியைத் திறந்த வாய்க்கு அருகில், 2 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். மிதமான சத்தம் போதும்.

அளவு: ரப்பர் வட்டத்தைத் திறந்த வாய் வரை தள்ளிவிட்டு, மெல்லப் பின்னால் இழுங்கள். ஏறத்தாழ 16 செ.மீ. போனதும் ஒலி திடீரென்று பெருகும். பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது, குச்சி பைப்பை விட்டு வெளியே வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தொடர்ந்து இழுத்தால் ஒலி அடங்கி, 51 செ.மீ. அருகில் மறுபடி பெருகும். இரண்டாவது கோடு. 86 செ.மீ. அருகில் மூன்றாவது கோடு.

முதல் கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் உள்ள தூரம் ஒரு முழு அலைநீளம். அதைச் செ.மீ.-இல் அளந்து 5-ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று ஒலியின் வேகம் கிடைத்துவிடும். 70 செ.மீ. வந்தால் வேகம் 350 மீட்டர். வேகம் என்பது அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிவருவது. 500 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது கணக்கு எளிதாகட்டும் என்பதற்காக. முதல் கோட்டைப் பைப்பின் வாயிலிருந்து அளக்காதீர்கள். ஒலி வாய்க்குச் சற்று வெளியேயும் நீள்கிறது. கோட்டுக்குக் கோடு அளந்தால் அந்தப் பிழை கழிந்துவிடும்.

ஒரே முறை அளந்ததை நம்ப வேண்டாம். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒலி உச்சமாகும் இடம் கொஞ்சம் அகலமானது. முன்னிருந்து வந்து ஒரு குறி, பின்னிருந்து வந்து ஒரு குறி போட்டு நடுவை எடுத்துக்கொள்வது நல்ல வழி. பைப் வெயிலில் கிடக்கக் கூடாது. தெர்மாமீட்டரைப் பைப் அருகில் நிழலில் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். போன் காட்டும் வானிலை உங்கள் முற்றத்தின் வெப்பநிலை அல்ல.

எதிர்பார்க்க வேண்டிய அளவுகள் இவை:

15 டிகிரி செல்சியஸ்: 68.0 செ.மீ., வேகம் 340
20 டிகிரி: 68.6 செ.மீ., வேகம் 343
25 டிகிரி: 69.2 செ.மீ., வேகம் 346
30 டிகிரி: 69.8 செ.மீ., வேகம் 349
35 டிகிரி: 70.4 செ.மீ., வேகம் 352

ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் 0.6 மீட்டர் கூடுகிறது. மூடுபனி போன்ற ஈரக் காற்றில் இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் கூடலாம்.

மெட்டுக்கு எடுத்துப் போங்கள்

அதே பைப், அதே குச்சி, அதே போன். போடியில் மதிய வெயிலில் 34 டிகிரியில் ஓர் அளவு. போடிமெட்டில் 18 டிகிரி குளிரில் ஓர் அளவு. முதல் கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவிலான தூரம் ஏறத்தாழ 2 செ.மீ. குறைந்திருக்கும். மலையேறியதும் ஒலியின் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர் அளவு குறைந்ததைச் சாதாரண அளவு நாடா காட்டிவிட்டது.

இங்கே ஒரு கேள்வியை விடக் கூடாது. மேலே காற்று குளிர்ந்தது மட்டுமல்ல. அழுத்தமும் அடிவாரத்தை விடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. வேகம் குறைந்தது எதனால்? பிள்ளைகளில் பாதிப் பேர் "காற்று மெலிந்ததால்" என்பார்கள். யார் சொன்னது சரி என்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். இன்னொரு அளவு எடுத்தால் தெரிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் போடியில் விடியற்காலை குளிரில் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து, அப்போதே பைப்பில் அளந்துகொள்ளுங்கள். பிறகு மெட்டுக்குப் போய், வெயில் ஏறி அதே டிகிரி வரும் நேரத்துக்குக் காத்திருந்து அளந்து பாருங்கள். உயரம் வேறு, அழுத்தம் வேறு, வெப்பநிலை மட்டும் ஒன்று. இரண்டு எண்களும் உங்கள் அளவுப் பிழைக்குள் ஒன்றாக வரும். அழுத்தம் குறையும்போது காற்றின் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதால் வெப்பநிலை மட்டுமே மிச்சம்.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் நூலில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டபோது உண்மையை விட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவாகவே விடை வந்தது. ஒலி போகும் வழியில் காற்று நெருக்கப்படும்போது சற்றுச் சூடாகிறது என்பதை லாப்லாஸ் சேர்த்துக்கொண்ட பிறகே, 1816-இல் கணக்கு நேரானது. அத்தனை பெரிய மேதையின் கணக்கையும் திருத்தியது அளந்து கண்ட எண். உங்கள் நோட்டில் உள்ள எண்ணுக்கும் அந்த மரியாதை உண்டு. எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அழித்து எழுதாதீர்கள். எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள்.

சோதனை 6: மலைச்சரிவில் எதிரொலி

கைதட்டலும் எதிரொலியும் காதில் தனித்தனியே விழ, மோதும் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அளக்க வேண்டும் என்றால் 60 மீட்டருக்கு மேல் தேவை. பள்ளி மைதானத்தின் எதிரே நீண்ட சுவர் போதும். மலையடிவாரத்தில் மரம் மூடாத பாறை கிடைத்தால் இன்னும் நல்லது. இலையும் கிளையும் ஒலியைச் சிதறடித்துவிடும்.

ஒரு தட்டு. எதிரொலி வரும் அதே கணத்தில் அடுத்த தட்டு. இப்படித் தாளம் பிடித்துக்கொண்ட பிறகு, இன்னொருவர் 20 இடைவெளிகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கட்டும். பாறை 120 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்வர 240 மீட்டர். 30 டிகிரியில் ஓர் இடைவெளி 0.69 வினாடி, இருபதுக்கு 13.8 வினாடி. பைப்பில் கிடைத்த வேகத்தோடு இதை ஒப்பிடுங்கள். வெவ்வேறு வழிகளில் கிடைத்த இரண்டு விடைகள் ஒத்துப்போனால்தான் எந்த அளவையும் நம்ப முடியும்.

மூன்று எச்சரிக்கைகள். கொண்டை ஊசி வளைவுகளில் ரோட்டோரம் நின்று செய்யவே கூடாது. ஜீப்பும் லாரியும் திரும்பும் இடம். மலைத்தேனீ கூடு தொங்கும் பாறைப் பக்கம் போகவே வேண்டாம். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பறித்த உயிர்களை இந்த வட்டாரம் மறக்காது. ஊர் எல்லைக்குள்ளேயே இந்தச் சோதனைக்கு இடமிருக்கிறது.

சோதனை 7: காத்திருந்து கேட்பவை

ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை பெய்யும்போது, வீட்டுக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணுங்கள். மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரியும். 30 வினாடிக்குக் குறைவாக வந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ யாரும் போகக் கூடாது.

தொலைவில் இருக்கும் ஒரே ஒலியை ஒரு வாரம் கவனியுங்கள்: கோயில் ஒலிபெருக்கி, ஆலைச் சங்கு, 2023 ஜூனில் அகலப்பாதை வந்த பிறகு மீண்டும் கேட்கத் தொடங்கிய ரயிலின் ஹாரன். விடியற்காலையில் தெளிவாகக் கேட்பது நடுப்பகலில் மங்கிவிடும். ஊர்ச் சத்தம் குறைவு என்பது ஒரு காரணம், அது மட்டுமல்ல. பகலில் தரையோரக் காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கித் தரையில் தங்கும் இரவிலும் விடியலிலும் இது தலைகீழாகி, ஒலி தரையை நோக்கி வளைகிறது. சூடான காற்றில் ஒலி வேகம் என்று பைப் சொன்னதே, இந்த வளைவுக்கும் காரணம்.

நோட்டில் எழுத வேண்டியவை

தேதி, நேரம், இடம், வெப்பநிலை, ஐந்து அளவுகள், சராசரி, ஐந்தில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம். இந்த ஏழும் இல்லாத சோதனை முடிந்த சோதனை ஆகாது.

அடுத்து நீங்களே விடை தேட மூன்று கேள்விகள். 500 ஹெர்ட்ஸுக்குப் பதில் 1,000 வைத்தால் அலைநீளம் பாதியாகும், வேகம் மாறுமா? குரங்கணி, போடிமெட்டு, டாப் ஸ்டேஷன் என்று மூன்று உயரங்களில் உள்ள பள்ளிப் பிள்ளைகள் ஒரே நாளில், ஒரே மணியில் அளந்தால், மூன்று எண்களை மட்டும் வைத்து எந்த ஊர் எவ்வளவு குளிர்ச்சி என்று சொல்ல முடியுமா? அப்படி முடியுமானால், தெர்மாமீட்டரே இல்லாத ஒரு நாளில் இந்தப் பைப்பை வைத்து வெப்பநிலையை எத்தனை டிகிரிப் பிழைக்குள் சொல்லலாம்?